புகையைப் பிடித்துப் பூமிக்குள் வைக்கலாமா? – வாசகர் கேள்வி–பதில்

கரியமில வாயுவைப் பிடித்து நிலத்துக்கடியில் சேமிக்கும் முறையைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்து இங்கே விடையளித்திருக்கிறேன். ஒவ்வொரு பதிலையும் படிக்கும்போது மூன்று விஷயங்களை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்: பிடிக்கப்படும் வாயு எங்கிருந்து வந்தது, கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, அங்கே எத்தனை காலம் இருக்கும். இந்தத் துறையில் உருப்படியான திட்டத்தையும் வெறும் விளம்பரத்தையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்.

எங்கள் பள்ளி மாடியிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அந்தப் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று எட்டாம் வகுப்பு மாணவர்கள் கேட்கிறார்கள். எளிமையாக விளக்க முடியுமா?
– அறிவியல் ஆசிரியை, மேட்டூர்

புகைபோக்கியிலிருந்து வெளியேறுவதில் பெரும்பகுதி, நாம் சுவாசிக்கும் காற்றில் இருக்கும் அதே நைட்ரஜன்தான். நிலக்கரி எரியும் நிலையமென்றால் நூற்றுக்கு 12 முதல் 15 பங்குவரை கரியமில வாயு இருக்கும். இயற்கை எரிவாயு எரியும் நிலையத்தில் 3 அல்லது 4 பங்குதான் தேறும். இந்தக் கலவையை அப்படியே நிலத்துக்குள் செலுத்தப் போனால் வேண்டாத நைட்ரஜனையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஆகவே முதலில் கரியமில வாயுவைத் தனியே பிரித்தாக வேண்டும்.

இதற்குப் பெரும்பாலான ஆலைகளில் பயன்படுவது அமீன் (அம்மோனியாவை ஒத்த வேதிப்பொருள்) வகையைச் சேர்ந்த ஒரு கரைசல். சாம்பலும் கந்தக வாயுவும் நீக்கப்பட்டு, ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கப்பட்ட புகை, உயரமான கோபுரம் ஒன்றின் அடிப்பகுதியில் நுழைந்து மேலேறுகிறது; மேலிருந்து அமீன் கரைசல் உலோகத் தகடுகளின் மீது மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது. இரண்டும் உரசிச் செல்லும்போது கரியமில வாயு மட்டும் கரைசலோடு பிணைந்துகொள்ள, நைட்ரஜன் மேலே போய்விடுகிறது. வாயுவைச் சுமந்த கரைசலை இரண்டாவது கோபுரத்துக்கு அனுப்பி, நீராவியால் 120 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் அந்தப் பிணைப்பு விட்டுப்போய், ஏறத்தாழத் தூய்மையான கரியமில வாயு வெளிவருகிறது. சுமை இறங்கிய கரைசல் குளிர்ந்து முதல் கோபுரத்துக்கே திரும்புகிறது. இதை நேற்று வந்த கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்யப் பல பத்தாண்டுகளாக இது புழக்கத்தில் இருக்கிறது.

வகுப்பறையில் காட்டுவதற்குத் தெளிந்த சுண்ணாம்பு நீரும் ஓர் உறிஞ்சுகுழலும் போதும். குழலின் வழியே ஊதினால், மூச்சில் உள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து நீரைப் பால்போல் வெளுக்கச் செய்யும். (நீர் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) வாயுவைத் திரவம் பிடிக்கிறது என்பது மாணவர்களின் கண்ணுக்கு நேரே தெரியும். அதோடு ஒரு கேள்வியையும் அவர்களிடம் போட்டுவையுங்கள்: சுண்ணாம்பே இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதே, ஆலைகளில் ஏன் அமீனைத் தேடிப் போகிறார்கள்? சுண்ணாம்பு ஒருமுறை பிடித்ததை விடுவிக்க ஏறத்தாழ 900 டிகிரி வெப்பம் வேண்டும். அமீனுக்கு 120 டிகிரி போதும். திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய திரவத்துக்குப் பிடிக்கும் ஆற்றல் எவ்வளவு முக்கியமோ, எளிதில் விடும் குணமும் அவ்வளவு முக்கியம்.

நிலத்துக்கடியில் சேமிக்கிறார்கள் என்றால் அங்கே குகையோ தொட்டியோ இருக்கிறதா? வாயு மேலே வராமல் எப்படி இருக்கும்?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி

குகை எதுவும் இல்லை. கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்றில் ஊற்றுத் தோண்டினால் மணல் துகள்களின் இடைவெளியில் இருந்த நீர் சுரந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழத்தில் உள்ள மணற்கல்லிலும் அப்படித்தான் துகள்களுக்கிடையே நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றில் குடிக்கவோ பாசனம் செய்யவோ உதவாத உவர்நீர் நிறைந்திருக்கிறது. கரியமில வாயுவை அழுத்தத்தோடு செலுத்தும்போது அது அந்த உவர்நீரைச் சற்றே ஒதுக்கிவிட்டுத் துளைகளில் இடம் பிடிக்கிறது. மணற்கல்லுக்கு மேலே, துளைகள் மிக மிக நுண்ணியவையாக இருக்கும் தடித்த களிப்பாறை அடுக்கு ஒன்று இருக்க வேண்டும். இதை மூடுபாறை என்கிறோம். பூமியில் எண்ணெயும் எரிவாயுவும் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெளியேறாமல் தங்கியிருப்பது இத்தகைய மூடுபாறைகளால்தான்.

ஆழமும் முக்கியம். கரியமில வாயு 31 டிகிரி செல்சியஸுக்கும், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 73 மடங்குக்கும் மேற்பட்ட நிலையில், வாயுவைப் போலப் பரவும் இயல்போடு திரவத்தை நெருங்கிய அடர்த்தியையும் பெறுகிறது. பொதுவாக 800 மீட்டருக்குக் கீழே இந்த நிலை கிட்டுவதால், தரைமட்டத்தில் மாபெரும் இடத்தை அடைத்துக்கொள்ளும் வாயு அங்கே மிகச் சிறிய இடத்தில் அடங்கிவிடுகிறது. காலம் செல்லச் செல்ல ஒரு பகுதி துளைகளிலேயே சிக்கிக்கொள்ளும், ஒரு பகுதி உவர்நீரில் கரையும், கரைந்த நீர் கனம் கூடிக் கீழே இறங்கும், மிக மெதுவாக ஒரு பகுதி கனிமமாகவும் மாறும். ஆண்டுகள் கூடக்கூட அபாயம் குறைகிறது என்று நிலவியலாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

இதற்கு நீண்ட அனுபவமுள்ள சான்று, நார்வேக்குச் சொந்தமான வடகடல் பகுதியில் இருக்கும் ஸ்லைப்னர் எரிவாயு வயல். அங்கே எடுக்கப்படும் எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு கலந்திருந்தது. விற்பனைக்கு அதை 2.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. பிரித்தெடுத்ததைக் காற்றில் விட்டுவிடுவதே அதுவரை வழக்கம். ஆனால் நார்வே 1991-ஆம் ஆண்டிலேயே கரியமில வாயுவுக்கு வரி விதித்துவிட்டது. வரி கட்டுவதைவிடக் கடலடியில் செலுத்துவது மலிவு என்று கணக்குப் பார்த்த அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனம், 1996 முதல் கடல் தரைக்குக் கீழே 800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ள ஊட்சிரா என்ற மணற்கல் அடுக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வீதம் செலுத்தத் தொடங்கியது. வாயு எங்கே பரவியிருக்கிறது என்பதை நில அதிர்வு அலைகளை அனுப்பி மீண்டும் மீண்டும் படம்பிடித்து வருகிறார்கள். மூடுபாறையைத் தாண்டி அது வெளியேறியதற்கான அடையாளம் அந்தப் படங்களில் இல்லை. அந்தத் தொழில்நுட்பத்துக்கு நிகராக அந்த வரியையும் நான் மதிக்கிறேன். காற்றில் விடுவது இலவசமாக இருந்திருந்தால் ஸ்லைப்னர் நடந்திருக்காது.

டெல்டாவில் பழைய எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் ஊர் எங்களுடையது. நாளை இந்தக் கிணறுகளில் கரியமில வாயுவை நிரப்புகிறோம் என்று யாராவது வந்தால் எங்கள் உயிருக்கும் நிலத்தடி நீருக்கும் யார் பொறுப்பு? ஏரியிலிருந்து கிளம்பிய வாயுவால் ஆயிரக்கணக்கானோர் இறந்ததாகப் படித்தேன்.
– விவசாயி, திருவாரூர் மாவட்டம்

உங்கள் அச்சம் நியாயமானது, ஐயா. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீங்கள் படித்தது கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியைப் பற்றி. 1986 ஆகஸ்ட் 21-ஆம் தேதி இரவு, எரிமலை வாய்க்குள் அமைந்த அந்த ஆழமான ஏரியின் அடியில் நெடுங்காலமாகக் கரைந்து சேர்ந்திருந்த கரியமில வாயு ஒரேயடியாகப் பொங்கி வெளியேறியது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அது பள்ளத்தாக்குகளின் வழியே தரையோடு தரையாகப் பரவி, தூங்கிக்கொண்டிருந்த 1,700-க்கும் மேற்பட்ட மக்களையும் அவர்களுடைய கால்நடைகளையும் மூச்சுத்திணறச் செய்து கொன்றது. திறந்த ஏரி நீரில் கரைந்து நின்ற வாயு திடீரென்று கிளம்பியதும், ஒரு கிலோமீட்டர் பாறைக்குக் கீழே நுண்துளைகளில் சிக்கிய வாயு கசிவதும் வேறு வேறு நிகழ்வுகள். பாறைத் துளைகளிலிருந்து அத்தனை வேகத்தில் அவ்வளவு வாயு கிளம்ப வழியில்லை. ஆனால் கரியமில வாயு செறிந்தால் கொல்லும், அது தாழ்வான இடத்தில் தேங்கும் என்ற பாடம் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

அந்தப் பாடத்தை மறந்தால் என்னாகும் என்பது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூரில் தெரிந்தது. 2020 பிப்ரவரியில் பலத்த மழையால் மண் சரிந்து, கரியமில வாயுவைக் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று உடைந்தது. ஊரை வாயு சூழ்ந்துகொள்ள, சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 45 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். எரிவதற்கு ஆக்சிஜன் இல்லாததால் வாகனங்களின் என்ஜின்கள் நடுவழியில் நின்றுபோயின. உயிரிழப்பு இல்லை என்பதை ஒரு நல்ல செய்தியாகச் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. குழாய் போகும் ஊர்களில் எச்சரிக்கைக் கருவியும், காவலர்களுக்கும் மருத்துவர்களுக்கும் முன்பயிற்சியும் இல்லாமல் எந்தத் திட்டமும் தொடங்கப்படக் கூடாது.

இனிக் கிணறுகளுக்கு வருகிறேன். சேமிப்பிடத்தில் பலவீனமான இடம் பெரும்பாலும் பாறையில் இருப்பதில்லை. மனிதர் அந்தப் பாறையில் போட்ட துளையில்தான் இருக்கிறது. பழைய கிணறுகளின் சிமெண்ட் வெடித்திருக்கலாம், இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கலாம். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டெகேட்டர் நகரில், கண்காணிப்புக்காகவே தோண்டப்பட்ட கிணற்றின் குழாய் அரித்துப்போய்த் திரவம் வேறோர் அடுக்குக்குள் கசிந்தது 2024-இல் வெளியே தெரியவந்தது. அல்ஜீரியாவின் இன் சாலா வயலில் 2004 முதல் செலுத்தப்பட்ட வாயுவின் அழுத்தத்தால் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் காட்டியது. மூடுபாறையைப் பற்றிய கவலையால் 2011-இல் அங்கே செலுத்துவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதை நான் தோல்வியாகக் கருதவில்லை; கண்காணிப்பு வேலை செய்ததற்கு அதுவே அடையாளம். சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியாகப் பராமரிக்கப்படும் இடத்தில் 100 ஆண்டுகளுக்குப் பிறகும் 99 சதவீதத்துக்கு மேல் உள்ளேயே இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2005-இல் மதிப்பிட்டது. அந்த வாக்கியத்தில் எல்லாமே 'சரியாக' என்ற சொல்லைப் பொறுத்திருக்கிறது.

ஆகவே, பழைய கிணறுகள் நிறைந்த, மக்கள் நெருங்கி வாழும், நிலத்தடி நீரை நம்பிய ஒரு பகுதி இதற்கு முதல் தெரிவாக இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. 2020-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியதை நீங்கள் அறிவீர்கள். யாராவது திட்டத்தோடு வந்தால், எத்தனை கைவிடப்பட்ட கிணறுகள் அந்த எல்லைக்குள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எப்போது எப்படி மூடப்பட்டது, நிறுவனம் போன பிறகு 50 ஆண்டு கழித்துக் கசிந்தால் பொறுப்பேற்பவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கிராம சபையில் எழுத்து மூலம் கேளுங்கள்.

எங்கள் ஊரில் ஓர் ஆலை புகையிலிருந்து கரியமில வாயுவை எடுத்துச் சலவைச் சோடா செய்கிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. அதுவும் இதே சேமிப்புத்தானா?
– கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பெருமைப்படத்தக்க செய்திதான், ஆனால் அது சேமிப்பாகாது. தூத்துக்குடி ஆல்கலி ஆலையில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பு 2016-இல் செயல்பாட்டுக்கு வந்தது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய நிறுவனத்தின் கரைசல் அங்கே பயன்பட்டது. அரசு மானியம் இல்லாமல் வணிகக் கணக்கிலேயே அது நடந்ததுதான் உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் சேர்ந்தால் சோடியம் பைகார்பனேட்டும் அம்மோனியம் குளோரைடும் கிடைக்கும். முன்னதைச் சூடாக்கினால் சோடா ஆஷ் (சலவைச் சோடா), பின்னது உரம். விலை கொடுத்து வாங்க வேண்டிய வாயுவைத் தன் புகைபோக்கியிலிருந்தே ஆலை எடுத்துக்கொண்டது.

இப்போது அந்தச் சோடாவைப் பின்தொடர்ந்து போங்கள். அதில் கணிசமான பகுதி கண்ணாடித் தொழிலுக்குப் போகிறது. மணலோடு சேர்த்து உலையில் உருக்கும்போது சோடாவில் இருந்த கரியமில வாயு மீண்டும் வெளியேறிவிடும். சலவைத்தூளுக்குப் போவதும் நெடுங்காலம் கட்டுண்டு கிடப்பதில்லை. வேறோர் இடத்தில் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருந்த வாயுவை இது மிச்சப்படுத்துகிறது. அந்த நன்மை உண்மையானது, அந்த அளவில் அதைப் பாராட்டலாம். குளிர்பானம், யூரியா என்று பிடித்த வாயுவைப் பயன்படுத்தும் எல்லாவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்; யூரியா வயலில் இறங்கிய சில நாட்களிலேயே தன்னிடமிருந்த வாயுவை விட்டுவிடும். கான்கிரீட்டுக்குள் செலுத்திச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றுவது மட்டும் இதில் விதிவிலக்கு.

இவ்வளவு செலவு எதற்கு? மரம் நட்டால் போதாதா?
– இயற்கை ஆர்வலர், தேனி

மரம் நடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். ஒரு டன் உலர்ந்த மரம் என்பது காற்றிலிருந்து எடுக்கப்பட்ட சுமார் 1.8 டன் கரியமில வாயு. உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரிப்பதால் ஓர் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது. இதற்கு ஈடுகட்ட ஆண்டுதோறும் 2,000 கோடி டன் உலர்மரம் புதிதாக வளர்ந்து, வெட்டப்படாமலும் எரியாமலும் மட்கிப்போகாமலும் நிற்க வேண்டும். அவ்வளவு நிலமும் நீரும் பூமியில் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் இருந்த கார்பனை எடுத்துவிட்டு, ஒரு கோடைத் தீயில் அழியக்கூடிய காட்டில் வைப்பது சமமான மாற்றாகவும் ஆகாது.

இருக்கும் காட்டைக் காப்பது வேறு. அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகளின் சேற்று மண்ணில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கார்பன் இருக்கிறது. ஆக்சிஜன் புகாத சேறு என்பதால் அங்கே விழும் இலையும் வேரும் எளிதில் மட்குவதில்லை. அதைத் தோண்டி இறால் பண்ணை அமைத்தால் சேர்ந்ததெல்லாம் சில ஆண்டுகளில் காற்றோடு போய்விடும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, காற்றுப் புகாமல் கரிமூட்டம் போடுகிறார்கள். அந்தக் கரி அடுப்புக்குப் போனால் அதிலுள்ள கார்பன் முழுவதும் திரும்பக் காற்றில் கலக்கும். அதே கரியைப் பொடித்து வயலில் இட்டால், நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்க முடியாத வடிவம் என்பதால், அதில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலேயே இருக்கும். மூட்டத்தின் புகையைக் கட்டுப்படுத்தும் நல்ல உலையும், கரிக்கு நியாயமான விலையும் கிடைத்தால், ஆழ்துளைக் கிணறு தேவைப்படாத ஒரு சேமிப்பு முறை நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இதற்கு அரசின் கவனம் போதவில்லை என்பது என் ஆதங்கம்.

சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறேன். சூரிய மின்சாரத்துக்கு மாறினால் எங்கள் தொழிலும் சுத்தமாகிவிடும் என்று மகள் சொல்கிறாள். அப்படி ஆகுமா?
– சூளைப் பிரிவு மேற்பார்வையாளர், அரியலூர்

உங்கள் மகளின் அக்கறைக்கு என் பாராட்டு. ஆனால் உங்கள் தொழிலின் சிக்கல் எரிபொருளில் மட்டும் இல்லை என்பதை அவரிடம் நீங்களே விளக்கலாம். உங்களைவிட அதை நன்றாக அறிந்தவர் யார்? சூளைக்குள் போகும் சுண்ணாம்புக்கல்லிலேயே கரியமில வாயு அடங்கியிருக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கையில் நிற்கும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். சூளையை எதைக் கொண்டு சூடாக்கினாலும் இந்த 44 கிலோ மாறாது. ஒரு சிமெண்ட் ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படிக் கல்லிலிருந்தே வருவது. உலகின் மொத்த கரியமில வாயுவில் சிமெண்டின் பங்கு சுமார் 7 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வாயுவைப் பிடித்துச் சேமிக்கும் முறை மெய்யாகவே தேவைப்படும் இடம் உங்கள் சூளைதான் என்று விளங்கும்.

நார்வேயின் பிரெவிக் நகரில் உள்ள சிமெண்ட் ஆலையில் 2025 ஜூன் மாதம் இதற்கான அமைப்பு திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது அந்த ஆலை வெளியிடுவதில் ஏறத்தாழப் பாதியைப் பிடிப்பது இலக்கு. அமீன் கரைசலைச் சூடாக்க வேண்டும் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? அந்த வெப்பத்தில் பெரும்பங்கைச் சூளையிலிருந்து வீணாகப் போகும் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். ஆலையின் மொத்தப் புகையில் பாதியோடு அவர்கள் நின்றதற்கு, கிடைக்கும் வெப்பம் அவ்வளவுக்குத்தான் போதும் என்பதே முக்கியக் காரணம். பிடித்த வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலில் ஏற்றி, நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஓய்கார்டன் முனையத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடலடிக் குழாயில் அனுப்பி, கடல் தரைக்கு 2,600 மீட்டர் கீழே செலுத்துகிறார்கள். முதல் தொகுதி 2025 ஆகஸ்டில் உள்ளே போனது. செலவில் பெரும்பங்கை நார்வே அரசே ஏற்றது. ஏற்காமல் இருந்திருந்தால் எந்த சிமெண்ட் நிறுவனமும் முன்வந்திருக்காது.

நம் மாநிலத்திலும் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பை நிறுவப்போவதாக ஒரு பெரிய சிமெண்ட் நிறுவனம் 2019-இல் அறிவித்தது. அறிவிப்பைவிட எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி, பிடித்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது. சேமிப்பிடம் உறுதியாகாமல் பிடிக்கும் கோபுரத்தை மட்டும் கட்டினால் அந்த வாயு மறுபடியும் ஏதோ ஒரு பொருளாகி, சிறிது காலத்தில் காற்றுக்கே வந்து சேரும். அதுவரை செய்யக்கூடியது கிளிங்கரின் (சூளையில் சுட்டெடுத்து, சிமெண்டாக அரைக்கப்படும் கட்டி) அளவைக் குறைப்பது. அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் கலப்பதை நீங்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள். சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமெண்ட் ஒன்றைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து உருவாக்கின. பிடிக்க வேண்டிய வாயுவே 30 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும் என்றால், அதைவிட மலிவான வழி வேறென்ன?

நெய்வேலியில் இதைப் பொருத்தினால் பழுப்பு நிலக்கரியைத் தொடர்ந்து எரிக்கலாம் அல்லவா?
– தொழிற்சங்க உறுப்பினர், நெய்வேலி

உங்கள் ஊரின் வேலைவாய்ப்பு இதில் அடங்கியிருப்பதால் மழுப்பாமல் சொல்கிறேன்: அந்த நம்பிக்கையில் எதிர்காலத்தைத் திட்டமிடாதீர்கள். கனடாவில் சஸ்காச்சுவன் மாநிலத்தின் பவுண்டரி டேம் நிலையமும் நெய்வேலியைப் போலப் பழுப்பு நிலக்கரியை எரிப்பதுதான். அங்கே 2014 அக்டோபரில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிக்கும் நோக்கத்தோடு அமைப்பு தொடங்கப்பட்டது. புகையோடு வந்த நுண்சாம்பல் கருவிகளை அடைத்தது, அமீன் கரைசல் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கெட்டது, பல ஆண்டுகள் இலக்குக்குக் கீழேயே அமைப்பு ஓடியது. டெக்சஸில் 2017-இல் தொடங்கிய பெட்ரா நோவா அமைப்பு, பிடித்த வாயுவை எண்ணெய் எடுக்கவே அனுப்பிவந்ததால், எண்ணெய் விலை சரிந்ததும் 2020-இல் மூடப்பட்டு, 2023-இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. மிசிசிப்பியின் கெம்பர் நிலையத்தில் 700 கோடி டாலருக்கு மேல் செலவழித்த பிறகு 2017-இல் நிலக்கரித் திட்டத்தையே கைவிட்டு எரிவாயுவுக்கு மாறினார்கள்.

பிடிக்கும் அமைப்புக்கு நீராவியும் மின்சாரமும் வேண்டும். நிலையத்தின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை அதற்கே போய்விடும் என்பதால், அதே மின்சாரத்தைத் தர இன்னும் கூடுதலாக நிலக்கரி வெட்ட வேண்டியிருக்கும். காற்றாலையும் சூரியத் தகடும் மின்கலமும் ஆண்டுக்கு ஆண்டு மலிவாகிவரும் நேரத்தில் இந்தச் செலவைத் தாங்கி நிற்பது கடினம். சுரங்க நிலத்தில் புதிய தொழில், தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி என்ற கோரிக்கைகளைச் சங்கம் இப்போதே முன்வைப்பது நல்லது.

எண்ணெய் நிறுவனங்களே இதை ஆதரிப்பதைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறதே?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

சந்தேகம் அவசியம். இதுவரை பிடிக்கப்பட்ட வாயுவில் பெரும்பகுதி, வற்றிவரும் எண்ணெய் வயல்களுக்குள் செலுத்தப்பட்டு மிச்சமிருக்கும் எண்ணெயை வெளியே தள்ளத்தான் பயன்பட்டது. டெக்சஸில் இது 1972 முதல் நடக்கிறது. அந்த எண்ணெயும் எரியத்தானே போகிறது? ஆஸ்திரேலியாவின் கார்கன் எரிவாயுத் திட்டம் ஆண்டுக்கு 40 லட்சம் டன் வரை சேமிக்கும் என்ற வாக்குறுதியோடு அனுமதி பெற்றது. எரிவாயு விற்பனை 2016-இல் தொடங்கியது, சேமிப்போ 2019-இல்தான் தொடங்கியது, அதன் பிறகும் அண்மை ஆண்டுகளில் அந்த அளவில் பாதியைக்கூட எட்டவில்லை. உலகம் முழுவதும் இப்போதுள்ள அமைப்புகளின் மொத்தக் கொள்திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டன். வெளியேறுவது 3,700 கோடி டன். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும், இதை நம்பி எரிப்பதைத் தொடரலாம் என்று சொல்லத் துணிய மாட்டார்.

காற்றிலிருந்தே உறிஞ்சும் இயந்திரம் ஐஸ்லாந்தில் இருக்கிறதாமே? தக்காணப் பீடபூமியிலும் அதே எரிமலைப் பாறைதானே?
– நிலவியல் முதுகலை மாணவி, சேலம் (இந்தத் துறையில் நுழைய என்ன படிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறார்)

ஐஸ்லாந்தில் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, காற்றிலிருந்து பிடிப்பது. புகையில் நூற்றுக்கு 12 பங்கு இருக்கும் வாயு காற்றில் பத்தாயிரத்துக்கு நான்கு பங்கே இருப்பதால், மின்விசிறிகளைக் கொண்டு ஏராளமான காற்றை வடிகட்டிகளின் வழியே இழுக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய ஓர்கா நிலையத்தின் கொள்திறன் ஆண்டுக்கு 4,000 டன்; 2024-இல் தொடங்கிய மாமத் நிலையத்துக்கு 36,000 டன் என்று வடிவமைத்தார்கள். இரண்டுமே அந்த அளவை எட்டத் திணறுகின்றன. ஒரு டன்னுக்கு ஆகும் செலவும் மிக அதிகம். ஏற்கெனவே காற்றில் சேர்ந்துவிட்டதை எடுக்க வேறு வழிகள் குறைவு என்பதால் இந்த ஆராய்ச்சி தொடர வேண்டும் என்றே விரும்புகிறேன்.

இரண்டாவது வேலை எனக்கு இன்னும் பெரிய வியப்பைத் தருவது. கார்ப்ஃபிக்ஸ் என்ற குழு 2012-இல் கரியமில வாயுவை நீரில் கரைத்துப் பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்தியது. பாறையிலுள்ள கால்சியம், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றோடு அது வினைபுரிந்து கனிமமாக மாற நூற்றாண்டுகள் ஆகலாம் என்று கருதப்பட்ட காலம் அது. கண்காணிப்புக் கிணற்றுக்குள் இருந்த நீர்மூழ்கிப் பம்பை வெளியே எடுத்தபோது அதன் மேலேயே கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படிந்திருந்தது. செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது என்ற முடிவு 2016-இல் வெளியானது. கல்லாகிவிட்டால் கசிவைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

தக்காணத்தில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பசால்ட் இருப்பது உண்மை. ஆனால் ஐஸ்லாந்துப் பாறை இளமையானது, துளைகள் திறந்தவை. தக்காணத்தின் பாறை ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டு பழமையானது, அதன் துளைகள் பலவற்றை வேறு கனிமங்கள் ஏற்கெனவே நிரப்பிவிட்டன. ஒரு டன் வாயுவைக் கரைக்க ஏறத்தாழ 25 டன் நீர் வேண்டும் என்பது இன்னொரு தடை. விதர்பாவிலும் மராத்வாடாவிலும் அந்த நீரை யார் தருவார்கள்? கடல்நீரைப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன. மேற்குக் கடற்கரையை ஒட்டிய பசால்டுக்கு அது பொருந்தக்கூடும்.

உங்கள் படிப்பு இதற்கு மிக ஏற்றது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-இல் மும்பை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்திலும் இதற்கான தேசிய மையங்களை நிறுவியது. நிதி ஆயோக் அதே ஆண்டு இது குறித்து விரிவான அறிக்கை வெளியிட்டது. வேதிப் பொறியாளர்கள் பிடிக்கும் கோபுரத்தைக் கட்டிவிடுவார்கள். எந்தப் பாறையில் எவ்வளவு தங்கும், மூடுபாறை தாங்குமா, பழுது எங்கே இருக்கிறது என்று சொல்ல நிலவியலாளர்தான் வேண்டும். நம் நாட்டின் சேமிப்பிடங்களைப் பற்றிய மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதற்குக் களத்தில் எடுத்த அளவீடுகள் குறைவாக இருப்பதே காரணம். உங்கள் துறை ஆய்வகத்தில் மணற்கல், பசால்ட் மாதிரிகள் இருக்கும். அவற்றின் நுண்துளை அளவையும் நீர் ஊடுருவும் திறனையும் அளக்கும் செய்முறையோடு முதுகலை ஆய்வைத் தொடங்கலாம்.